லினக்ஸ் ஸ்டுடியோவில் ஆடியோ இன்டர்ஃபேஸ்: டிரைவரை எவ்வளவு நம்பலாம்?

லினக்ஸ் ஓடும் கணினியை நம்பி ஒரு ஒலிப்பதிவை நடத்தலாமா? கால் நூற்றாண்டாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. 2000ஆம் ஆண்டு வாக்கில் கேட்டிருந்தால், கர்னலைத் திருத்திக்கொண்டால் நடத்தலாம் என்று சொல்லியிருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து, சரியான பிசிஐ அட்டை இருந்தால் போதும் என்றார்கள். அதற்கும் பிறகு, தனி டிரைவர் கேட்காத யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் பெட்டியாகப் பார்த்து வாங்கச் சொன்னார்கள். இப்போது பைப்வயர் என்னும் ஒலி சர்வர் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்கிறார்கள். ஒவ்வொரு பதிலும் தன் காலத்தில் ஓரளவு உண்மைதான். ஆனாலும் கேள்வி ஓயவில்லை. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் பிடி நழுவுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஒரு சொல், மூன்று குறைகள்

டிரைவர் நிலையாக இல்லை என்று சொல்பவர்கள் எல்லாரும் ஒரே குறையைச் சொல்வதில்லை. பதிவின் நடுவே 'டிக்' என்று ஒலி அறுபடுவது ஒரு குறை. அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிய பெட்டி திடீரென மௌனமாவது, அல்லது ஒலி கரகரக்கத் தொடங்குவது இன்னொன்று. போன மாதம் வரை ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடிய பெட்டி, கர்னலை அப்டேட் செய்த மறுநாள் மக்கர் செய்வது மூன்றாவது. மூன்றுக்கும் காரணங்கள் வேறு, மருந்தும் வேறு. இந்த விவாதம் இத்தனை ஆண்டுகள் இழுபட்டதற்கு, மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்ததும் ஒரு காரணம் என்று படுகிறது.

முதல் குறையின் கணக்கைப் பார்ப்போம். 48,000 ஹெர்ட்ஸில் 64 மாதிரிகள் கொண்ட பஃபரை வைத்துப் பதிவு செய்கிறோம். 64ஐ 48,000ஆல் வகுத்தால் 1.33 மில்லிவிநாடி. இந்த இடைவெளிக்கு ஒருமுறை பெட்டி கணினியைக் கூப்பிடும். அடுத்த அழைப்பு வருவதற்குள் கர்னல் விழித்து, பதிவு மென்பொருளை எழுப்பி, அது எல்லா டிராக்குகளையும் எஃபெக்டுகளையும் கணக்கிட்டு முடித்து, விடையைத் திருப்பித் தந்தாக வேண்டும். விநாடிக்கு 750 தடவை. மூன்று மணி நேரப் பதிவுக்கு 81 லட்சம் தடவை. அதில் ஒன்று பிந்தினாலும் காதில் விழும். லினக்ஸில் ஒலி வேலை செய்பவர்கள் இதை எக்ஸ்ரன் என்பார்கள். சராசரியாக எவ்வளவு வேகம் என்பது இங்கே உதவாது. அந்த 81 லட்சத்தில் மிக மோசமான ஒன்று எவ்வளவு பிந்தியது என்பதே கணக்கு.

கர்னல்மேல் பழி

இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் முதல் பதில். பொதுப் பயன்பாட்டுக் கர்னல் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால், அவசர வேலை வந்தாலும் கையில் உள்ளதை முடிக்காமல் விடாது. ஆகவே அதை இடைமறிக்கக் கூடியதாக மாற்ற வேண்டும் என்றார்கள். 2001இல் ராபர்ட் லவ் அதற்கான திருத்தத்தை முன்வைத்தார். 2004இல் இங்கோ மோல்னார் இன்னும் ஆழமான திருத்தங்களை வெளியிடத் தொடங்கியபோது, அவற்றை ஓட்டிப் பார்த்து முடிவுகளை அனுப்பியவர்களில் ஒலி வேலை செய்பவர்கள் கணிசமாக இருந்தனர். நிகழ்நேரக் கர்னல் என்று இன்று அறியப்படும் பிரீஎம்ப்ட் ஆர்டியின் வேர் அங்கே இருக்கிறது. ஒலி நிரலுக்கு முன்னுரிமை அளிக்கும் உரிமை சாதாரணப் பயனருக்கு எப்படிக் கிடைப்பது என்ற தகராறு 2005இல் கர்னல் 2.6.12இல் ஒரு முடிவுக்கு வந்தது. 2011இல் வந்த 2.6.39 குறுக்கீடுகளைத் தனித்தனி இழைகளாக ஓட்டும் வசதியைத் தந்தது. ஒலிப் பெட்டி தொங்கும் யுஎஸ்பி கன்ட்ரோலரை வைஃபைக்கும் வட்டுக்கும் முன்னால் நிறுத்துவது அதனால் எளிதாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளியே நின்ற நிகழ்நேரத் திருத்தம் 2024 செப்டம்பரில் மைய மரத்துக்குள் ஏற்கப்பட்டு, அந்த நவம்பரில் 6.12ஆக வெளிவந்தது.

இந்தப் பதிலின் சாதனையைக் குறைத்து மதிப்பிட முடியாது. முதல் குறையைப் பொறுத்தவரை மிகப் பெரிய முன்னேற்றம் இங்கேதான் நடந்தது. ஆனால் அதன் எல்லையும் தெளிவானது. மதர்போர்டின் ஃபர்ம்வேர் தன் சொந்த வேலைக்காகச் செயலியைச் சிறிது நேரம் பறித்துக்கொள்வதுண்டு. எஸ்எம்ஐ எனப்படும் அந்தக் குறுக்கீட்டைக் கர்னலால் தடுக்க முடியாது, நேரடியாகப் பார்க்கவும் முடியாது. கடிகாரம் தாவியிருப்பதைக் கண்டு ஊகிக்கலாம். மின்சாரம் மிச்சப்படுத்த ஆழ்ந்து உறங்கும் செயலி, விழித்தெழ எடுத்துக்கொள்ளும் நேரமும் தாமதம் தரும். பிளகின் ஒன்று ஒலி இழைக்குள் நினைவகம் கேட்டுக் காத்து நின்றால், எந்தக் கர்னலும் அதைக் காப்பாற்றாது. இரண்டாவது, மூன்றாவது குறைகளுக்கோ இந்தப் பதிலில் இடமே இல்லை.

அட்டையைப் பார்த்து வாங்கு

இரண்டாவது பதில் வன்பொருளிலிருந்து தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் ஹன்னு சாவோலைனென் எழுதிய ஓஎஸ்எஸ் என்னும் ஒலி டிரைவர் தொகுப்பு, சவுண்ட் பிளாஸ்டர் வகை அட்டைகளின் உலகத்துக்குப் பொருந்தியது. பல சானல் ஸ்டுடியோ அட்டைகளை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. அதற்கு மாற்றாக யாரோஸ்லாவ் கிசெலா 1998இல் தொடங்கிய ஆல்சா 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் முதன்மை இடத்தைப் பிடித்தது. ஆர்எம்ஈயின் ஹேமர்ஃபால் அட்டைக்கு, ஆஸ்திரியாவின் கிராட்ஸில் உள்ள மின்னணு இசை நிறுவனத்தைச் சேர்ந்த வின்ஃப்ரிட் ரிட்சும், பின்னாளில் ஆர்டர் என்னும் பதிவு மென்பொருளையும் ஜாக் என்னும் ஒலி சர்வரையும் தந்த பால் டேவிஸும் டிரைவர் எழுதினர். ஐஸ்1712 சிப்பை மையமாகக் கொண்ட எம்-ஆடியோ டெல்டா வரிசைக்கும் நல்ல டிரைவர் அமைந்தது.

இந்த அட்டைகள் நம்பகமானவை என்று பேர் வாங்கியதற்கு அவற்றின் எளிமை ஒரு காரணம். அட்டை மாதிரிகளை நேரே நினைவகத்தில் வைத்துவிட்டு ஒரு குறுக்கீட்டை எழுப்பும். இடையில் பொட்டலமோ பேச்சுவார்த்தையோ கிடையாது. இன்னொரு காரணத்தை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். டிரைவரை எழுதியவர்கள் அந்த அட்டையைத் தாங்களே பதிவுக்குப் பயன்படுத்தியவர்கள். டிஜிகிராம், ஆடியோசயன்ஸ் போன்ற, வானொலி நிலையங்களுக்கு அட்டை விற்கும் நிறுவனங்கள் தங்கள் டிரைவர்களைத் தாங்களே கர்னலுக்குள் கொண்டுவந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். பழுதானால் முதலில் கஷ்டப்படும் கை எதுவோ, அதுவே டிரைவரைத் திருத்தும் கையாகவும் இருந்தது.

இதன் பலவீனம் காலம். பிசிஐ இடம் இல்லாத மதர்போர்டுகள் வந்தன. மடிக்கணினிகள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தன. அட்டை கெட்டுப்போகாமலே அதைச் செருகும் இடம் மறைந்தது.

ஃபயர்வயரின் பாடம்

இடைக்காலத்தில் வந்த ஃபயர்வயர் பெட்டிகள் இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானவை. தொடக்கத்தில் ஃப்ரீபாப் என்றும் பின்னர் ஃபாடோ என்றும் அழைக்கப்பட்ட திட்டம், டிரைவரைக் கர்னலுக்கு வெளியே பயனர் நிரலாக எழுதியது. ஜாக் வழியாக மட்டுமே அதை எட்ட முடியும். எந்தச் சிப் கொண்ட கன்ட்ரோலரில் பெட்டி செருகப்படுகிறது என்பதே பாதி விதியைத் தீர்மானித்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பைத் தேடி வாங்கச் சொல்லும் அறிவுரை அன்றைக்கு எங்கும் கேட்டது. பழைய ஃபயர்வயர் அடுக்கு 2011 தொடக்கத்தில் வந்த 2.6.37இல் நீக்கப்பட்டு, புதியது மட்டும் நின்றது.

2014இல் தகாஷி சகாமோட்டோ எழுதிய பீபாப், ஃபயர்வொர்க்ஸ் டிரைவர்கள் கர்னல் 3.16இல் சேர்ந்தன. அடுத்த சில ஆண்டுகளில் டாஸ்காம், மோட்டு, ஆர்எம்ஈ ஃபயர்ஃபேஸ் பெட்டிகளுக்கும் ஆல்சா டிரைவர்கள் கிடைத்தன. பிற்பாடு ஃபயர்வயர் துணை அமைப்பின் பராமரிப்பையே அவர் ஏற்றுக்கொண்டு, 2029 வரை அதைக் கவனித்துக்கொள்ளும் திட்டத்தையும் அறிவித்தார். விற்பனையிலிருந்து எப்போதோ மறைந்த பெட்டிகள் உலகெங்கும் பல ஸ்டுடியோக்களில் இன்னும் ஓடுகின்றன என்றால், அதற்குப் பெரும் காரணம் ஒரே மனிதரின் உழைப்பு. நன்றியோடு சொல்ல வேண்டிய செய்தி இது. அதே மூச்சில் கவலையோடும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொதுத் தரம் என்ற பதில்

இன்றைக்கு அதிகம் கேட்கும் பதில் இதுதான். யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்னும் பொதுத் தரத்தைப் பின்பற்றும் பெட்டியை வாங்கினால், ஒரே டிரைவர் எல்லாப் பெட்டிக்கும் போதும். தரத்தின் முதல் பதிப்பு 1998இலும் இரண்டாவது 2006இலும் வந்தன. தகாஷி இவாய் 2002இல் ஆல்சாவுக்கான யுஎஸ்பி டிரைவரை எழுதினார். டேனியல் மேக்கின் உழைப்பால் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2010இல் 2.6.35இல் சேர்ந்தது. விண்டோஸ் 10 அதே வசதியைத் தன்னுள் கொண்டது 2017இல்தான். ஐபேடில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே பல நிறுவனங்கள் பொதுத் தரத்துக்கு இறங்கிவந்தன. ஆர்எம்ஈ பெட்டிகளில் உள்ள கிளாஸ் கம்ப்ளையன்ட் முறை அப்படி வந்தது. லினக்ஸுக்குக் கிடைத்தது அதன் உபரிப் பலன்.

தரம் ஒன்றாக இருந்தும் ஏன் சில பெட்டிகள் தடுமாறுகின்றன? இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது, கணினிக்குள் இன்னொன்று. இரண்டும் துல்லியமாக ஒத்துப்போவதே இல்லை. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 48,000 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 0.48 மாதிரி பிசகும். ஒரு மணி நேரத்தில் 1,728 மாதிரிகள், அதாவது 36 மில்லிவிநாடி. ஸ்டுடியோ பஃபர்கள் இதைவிடப் பல மடங்கு சிறியவை. ஆகவே எந்த வேகத்தில் மாதிரிகளை அனுப்புவது என்று பெட்டி கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹை ஸ்பீடு யுஎஸ்பி விநாடிக்கு 8,000 முறை பொட்டலம் அனுப்புகிறது. 48,000 ஹெர்ட்ஸுக்குப் பொட்டலத்துக்கு ஆறு மாதிரிகள் என்று கணக்கு சரியாக வரும். 44,100க்கு 5.5125 வரும். அரை மாதிரியை அனுப்ப வழியில்லை என்பதால் ஐந்தும் ஆறுமாகக் கலந்து அனுப்ப வேண்டும். எப்போது ஐந்து, எப்போது ஆறு? சில பெட்டிகள் இதைச் சொல்லத் தனித் தடம் வைத்திருக்கின்றன. வேறு சில பெட்டிகளில், உள்ளே வரும் பதிவுப் பொட்டலத்தில் எத்தனை மாதிரிகள் இருந்தனவோ அத்தனையே வெளியே போக வேண்டும். மறைமுகப் பின்னூட்டம் என்று இதைச் சொல்லலாம். எந்த முறை என்பதைப் பெட்டி தன் அறிமுகக் குறிப்பில் அறிவிக்க வேண்டும் என்கிறது தரம். நிறையப் பெட்டிகள் அதைச் சரியாக அறிவிப்பதில்லை. நிறுவனத்தின் சொந்த விண்டோஸ் டிரைவருக்கு விஷயம் முன்பே தெரியும் என்பதால், அறிமுகக் குறிப்பில் உள்ள பிழை தொழிற்சாலையில் யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்தப் பிழைகளை லினக்ஸ் ஒரு பட்டியலில் ஏற்றி வைத்திருக்கிறது. யுஎஸ்பி டிரைவரின் மூலநிரலைத் திறந்தால், தயாரிப்பாளர் எண், கருவி எண், அதற்கான விலக்கு என்று வரி வரியாக நீளும். இந்தப் பெட்டிக்கு மறைமுகப் பின்னூட்டம், அந்தப் பெட்டிக்கு வேகத்தை மாற்றியபின் சற்றுக் காத்திரு, இன்னொன்று கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாது, கேட்காதே. பெட்டியைக் கையில் வைத்திருந்த யாரோ ஒருவர் இரவு உட்கார்ந்து கண்டுபிடித்து அனுப்பிய வரிகள் இவற்றில் பல. பொதுத் தரம் என்ற பதிலுக்குள் தனிக் கவனிப்பு என்ற பழைய பதில் ஒளிந்திருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது குறையும் இங்கேதான் தலைகாட்டுகிறது. 2021 பிப்ரவரியில் வந்த 5.11இல் மறைமுகப் பின்னூட்டத்தைக் கையாளும் பகுதி பெரிய அளவில் திருத்தி எழுதப்பட்டது. நெடுநாள் தடுமாறிய பல கருவிகள் அதனால் சீரடைந்தன. முன்பு ஒழுங்காக ஓடிய சில கருவிகள் தடுமாறி, அடுத்தடுத்த வெளியீடுகளில் திருத்தம் பெற்றன. 5.15இல், கர்னலைத் தொகுக்காமலே பயனர் தன் பெட்டிக்கான விலக்கைத் தானே இயக்கிப் பார்க்கும் வசதி வந்தது. திருத்தியவர்கள் செய்தது சரியான வேலை என்றே நினைக்கிறேன். ஆனால் பட்டியலில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் மேசையில் அடுக்கிச் சோதித்துவிட்டு வெளியிட எவருக்கும் வசதி இல்லை. அடுத்த கர்னல் ஒன்பது, பத்து வாரங்களில் வந்துவிடும்.

ஒலி வருகிறது, குமிழ் திரும்பவில்லை

பொதுத் தரம் ஒலியைக் கொண்டுவந்து சேர்த்தாலும், பெட்டிக்குள் இருக்கும் மிக்ஸரையும் ரூட்டிங்கையும் தொடுவதில்லை. ஆர்எம்ஈயின் டோட்டல்மிக்ஸ் மென்பொருள் லினக்ஸில் கிடையாது. மோட்டுவின் ஏவிபி வரிசை இதை வேறு வழியில் கடந்தது. மிக்ஸர் பெட்டிக்குள்ளேயே வலைப்பக்கமாக இருப்பதால், எந்தக் கணினியிலிருந்தும் உலாவியில் திறக்கலாம். இதை நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன்.

ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் பெட்டிகளின் கதை வேறு. ஜெஃப்ரி பென்னெட் 2018 ஜனவரி முதல் ஜூன் வரை, நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளும் 18ஐ20 பெட்டியும் யுஎஸ்பி கம்பியில் பரிமாறிக்கொண்டதை வயர்ஷார்க்கில் பிடித்துப் படித்து, அந்த மொழியைப் புரிந்துகொண்டார். மூலநிரலின் தலைக்குறிப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. இரண்டாம் தலைமுறைப் பெட்டிகளுக்கான மிக்ஸர் ஆதரவு அடுத்த ஆண்டு 5.4இல் சேர்ந்தது. மூன்றாம் தலைமுறைக்கு 2021இலும், நான்காம் தலைமுறைக்கு 2024இலும் ஆதரவு வந்தது. தொடக்கத்தில் பயனர் தானே ஓர் அமைப்பை மாற்றினால்தான் அது இயங்கும் என்று வைத்திருந்த எச்சரிக்கை குறிப்பிடத்தக்கது. கம்பியில் ஒட்டுக்கேட்டு எழுதிய டிரைவர், நிறுவனம் ஃபர்ம்வேரை மாற்றினால் என்ன ஆகும் என்று உறுதி கூற முடியாது.

சர்வர் அடுக்கு

நிரல்களுக்கும் டிரைவருக்கும் இடையே நிற்கும் ஒலி சர்வர்களான பல்ஸ்ஆடியோவும் ஜாக்கும் ஒரே பெட்டிக்குப் போட்டியிட்ட காலத்தில், டிரைவரின் பழுது எது, சர்வரின் பழுது எது என்று பிரிப்பதே பெரும்பாடாக இருந்தது. விம் டேமன்ஸின் பைப்வயர் 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34இல் இயல்பாக வந்து, 2023 நவம்பரில் 1.0 ஆகி, அந்தச் சண்டையைப் பெரும்பாலும் தீர்த்தது. ஆனால் சர்வருக்குக் கீழே இருப்பது அதே ஆல்சா, அதே விலக்குப் பட்டியல். பைப்வயர் டிரைவர் குறையைத் தீர்க்கிறது என்பதைவிட, குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்று காண்பதை எளிதாக்கியது என்பது கூடுதல் பொருத்தம்.

உறையவைப்பதும் வெளியே நிற்பதும்

வேலை செய்யும் கணினியைத் தொடாதே என்பது ஸ்டுடியோக்காரர்களின் பழைய நடைமுறை. டெபியன் ஸ்டேபிளை நிறுவி, ஒரு நீண்டகால ஆதரவுக் கர்னலில் நிறுத்திக்கொள்வார்கள். மூன்றாவது குறைக்கு நேரடி மருந்து இதுவே, நடைமுறையில் பலனும் தருகிறது. பலவீனம் என்னவென்றால், நீண்டகாலக் கர்னலும் அசையாமல் நிற்பதில்லை. பின்னாளைய திருத்தங்கள் அதற்குள்ளும் வந்து சேர்கின்றன. இத்தகைய கர்னல்களின் ஆதரவை ஆறு ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைக்கும் முடிவு 2023இல் அறிவிக்கப்பட்டது. பெட்டி பழுதாகிப் புதியது வாங்கினால், அதற்கான விலக்கு பழைய கர்னலில் இருக்காது என்பதும் உண்டு.

நிறுவனமே டிரைவரைத் தனியாகத் தரட்டும் என்பது இன்னொரு பதில். மெர்ஜிங் நிறுவனம் ரவென்னா வலையமைப்பு ஒலிக்கான கர்னல் தொகுதியை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது நல்ல முன்மாதிரி. ஆனால் கர்னலின் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருக்க மாட்டோம் என்பது லினக்ஸின் வெளிப்படையான கொள்கை. கிரெக் குரோவா-ஹார்ட்மன் அதை ஆவணமாகவே எழுதியிருக்கிறார். பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்ற டோர்வால்ட்ஸின் கண்டிப்பு கர்னலுக்குள் இருக்கும் டிரைவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. வெளியே நிற்கும் தொகுதிக்கு அது கிடைக்காது. ஒவ்வொரு அப்டேட்டின்போதும் அதை மீண்டும் தொகுக்க வேண்டும், செக்யூர் பூட் இருந்தால் கையொப்பமும் இட வேண்டும். ஸ்டுடியோவில் அதற்குரிய ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே இந்தப் பதில் நிற்கும்.

தீராதவை

முதல் குறை, அதாவது நேரத்துக்கு விடை தராமை, பெருமளவு தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஒழுங்காக அமைத்த கணினியில், 6.12க்குப் பிந்தைய கர்னலில், மிஞ்சும் எக்ஸ்ரன்களுக்கு ஃபர்ம்வேரையோ பிளகினையோ தேடிப் போவதே பெரும்பாலும் பலன் தரும். இரண்டாவது குறையில் பாதி தூரம் வந்திருக்கிறோம். பொதுத் தரத்தை ஒழுங்காகப் பின்பற்றும் பெட்டி நன்றாக ஓடுகிறது. எந்தப் பெட்டி ஒழுங்காகப் பின்பற்றுகிறது என்று வாங்கும் முன் அறிய, அதை முன்பே லினக்ஸில் ஓட்டியவரின் சொல்லைத் தவிர வேறு வழியில்லை. தரச் சான்று என்று ஒன்று இருந்தாலும், அறிமுகக் குறிப்பில் பின்னூட்ட முறை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை வாங்குபவருக்கு எந்த முத்திரையும் சொல்வதில்லை.

மூன்றாவது குறை திறந்தே இருக்கிறது. ஆல்சாவுக்குத் தானியங்கிச் சோதனைகள் கர்னல் மரத்தில் சேர்ந்துள்ளன. 2022இலிருந்து மிக்ஸர் கட்டுப்பாடுகளையும் ஒலியோட்டத்தையும் சரிபார்க்கும் நிரல்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் அவற்றை ஓட்ட, செருகிய நிலையில் ஒரு பெட்டி வேண்டும். நூறு வகைப் பெட்டிகளைச் செருகி, ஒவ்வொரு சோதனைக் கர்னலிலும் ஒரு மணி நேரம் ஓட்டி, அந்த 1,728 மாதிரிகள் எங்கும் சேராமல் தேங்காமல் போயினவா என்று பார்க்கும் கூடம் எங்கே அமையும், அதற்கு யார் பணம் தருவார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லை. அதுவரை அந்த வேலையைச் செய்கிறவர்கள், சோதனைக் கர்னலைத் தங்கள் ஸ்டுடியோவில் ஓய்வு நாளில் ஓட்டிப் பார்த்து, தவறைக் கண்ட அன்றே எழுதி அனுப்பும் சிலர். வெளியீட்டுக்கு முந்தைய ஏழெட்டு வாரங்களில் அப்படி ஒரு கடிதம் வந்தால் திருத்தம் பெரும்பாலும் நடந்துவிடுகிறது. வெளியீடு முடிந்து, டிஸ்ட்ரோ அதை எடுத்துக்கொண்டு, ஓராண்டு கழித்து வரும் கடிதத்துக்கு, எந்த மாற்றம் உடைத்தது என்று தேடவே பல நாள் பிடிக்கிறது.